அயல்நாட்டு வரலாற்றுப் படங்களில் பேச்சு ஏன் அவ்வளவு கடினமாக இருக்கிறது?

அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்து ஆகிய பகுதிகளின் வரலாற்றைச் சொல்லும் படங்களில் நடிகர்கள் கடுமையான வட்டார உச்சரிப்பில் பேசுவதால் பாதி வசனம் பிடிபடுவதில்லை, எல்லோருக்கும் விளங்கும் பொதுவான ஆங்கிலத்தில் பேசவைத்தால் படத்துக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதே மூச்சில், ரோமானியர்களும் ரஷ்யர்களும் லண்டன்காரர்களைப் போலப் பேசுவது நம்பும்படியாக இல்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். முதல் குறை உச்சரிப்பு மிகுந்துவிட்டது என்கிறது. இரண்டாவது குறை உரிய உச்சரிப்பு இல்லாமற்போய்விட்டது என்கிறது. ஆகவே இரண்டுக்கும் ஒரே பதில் பொருந்தாது.

படம் பார்க்கும் நமக்கு அந்தப் பேச்சு எளிதாக இருக்கிறதா என்பதை அளவுகோலாக வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தீராது. கதைக்குள் நடமாடும் மனிதர்களின் காதில் அந்த வேறுபாடு விழுந்திருக்குமா என்று கேட்டுப் பார்ப்பதே சரியான சோதனை என்பது என் உறுதியான கருத்து. ஒருவன் வாயைத் திறந்த உடனேயே எதிரில் நிற்பவர் அவனுடைய ஊரையும் நிலையையும் கண்டுகொண்டிருப்பார் என்றால், அந்த உச்சரிப்பு அந்த வரலாற்றின் ஒரு பகுதியாகிவிடுகிறது. அதை மழுக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஒரே ஊரார் தமக்குள் தாய்மொழியில் பேசிக்கொள்வதாகக் கதை அமைந்திருக்கும்போது, அவர்கள் காதில் ஒருபோதும் விழுந்திராத அயல் வாடையை நடிகரின் ஆங்கிலத்தில் பூசுவது வெறும் ஒப்பனை. பார்வையாளர் அதைக் குறை சொன்னால் அது முற்றிலும் நியாயம்.

முதல் வகைக்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது, கென் லோச் இயக்கி 2006இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது பெற்ற 'தி விண்ட் தட் ஷேக்ஸ் தி பார்லி' என்ற படத்தை. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுபட அயர்லாந்து போராடிக்கொண்டிருந்த 1920ஆம் ஆண்டு, அந்நாட்டின் தென்பகுதியில் உள்ள கார்க் மாவட்டத்தில் கதை தொடங்குகிறது. ஹர்லிங் என்ற ஐரிஷ் மட்டைப்பந்து விளையாடிவிட்டு ஒரு பண்ணை வீட்டுக்கு வந்து சேரும் இளைஞர்களை, 'பிளாக் அண்ட் டான்ஸ்' என்று மக்கள் அழைத்த பிரிட்டிஷ் துணைப்படையினர் சூழ்ந்துகொண்டு, சுவரோரம் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்கிறார்கள். மீஹால் என்ற பதினேழு வயதுப் பையன் தன் பெயரை ஐரிஷ் மொழியில் சொல்கிறான். ஆங்கிலத்தில் சொல்லும்படி அதட்டுகிறார்கள். அவன் மறுபடியும் ஐரிஷிலேயே சொல்கிறான். அவனை உள்ளே இழுத்துச் சென்று அடித்தே கொன்றுவிடுகிறார்கள். படத்தின் முதல் சில நிமிடங்களிலேயே, இந்த நாட்டில் நாக்கு எப்படிப் புரள்கிறது என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. இந்தக் காட்சியில் இரு தரப்பினரும் ஒரே மாதிரியான, செய்தி வாசிப்பாளரின் ஆங்கிலத்தில் பேசியிருந்தால் அங்கே நடப்பது என்னவென்றே நமக்கு விளங்கியிருக்காது.

அந்தத் துணைப்படையினரின் பேச்சையும் கவனித்துப் பாருங்கள். அவர்களில் பெரும்பாலோர் முதல் உலகப் போரிலிருந்து திரும்பி வேலையில்லாமல் இருந்த பிரிட்டிஷ் உழைக்கும் வர்க்கத்து மனிதர்கள். அவர்களின் முரட்டு ஆங்கிலத்தில் மேட்டுக்குடி வாடை இல்லை. அந்த வாடை பின்னால் வரும் அதிகாரிகளின் பேச்சில்தான் அடிக்கிறது. படம் முன்னேறும்போது, பிரிட்டிஷ் படையினரையும் அவர்களின் ஆயுதங்களையும் ஏற்றிச் செல்ல மறுக்கும் ரயில் ஓட்டுநர் ஒருவர் வருகிறார். 1920இல் அயர்லாந்து ரயில்வே தொழிலாளர்கள் உண்மையிலேயே மாதக்கணக்கில் அப்படி மறுத்து நின்றார்கள். அந்த ஓட்டுநர் டப்ளின்காரர். அவராக நடித்த லியம் கன்னிங்ஹாமும் டப்ளின்காரர். நாயகனாக நடித்த கிலியன் மர்ஃபியோ கார்க்கில் பிறந்து வளர்ந்தவர். இருவரும் சிறையில் பேசிக்கொள்ளும்போது, தொழிற்சங்கம் வளர்ந்த தலைநகரின் பேச்சும் நிலத்தை நம்பி வாழும் தென்பகுதியின் பேச்சும் அருகருகே ஒலிக்கின்றன. அதே சிறையில் காவலுக்கு நிற்கும் பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவனின் தந்தை அயர்லாந்தின் டோனிகால் பகுதியைச் சேர்ந்தவர் என்பது தெரியவரும் இடத்தில், அவன் பேச்சுக்கும் பூர்விகத்துக்கும் இடையிலான தூரமே கதையைத் திருப்பிவிடுகிறது. இத்தனை செய்திகளையும் இயக்குநர் ஒரு வரி விளக்கமும் இல்லாமல் உச்சரிப்பின் வழியாகவே சொல்லிவிடுகிறார். உள்ளூர் நடிகர்களையும் உள்ளூர்ப் பேச்சையும் அவர் விடாப்பிடியாகத் தேடுவதற்குக் காரணம் இதுதான்.

தமிழ்க் காதுக்கு அந்தக் கார்க் பேச்சு முதலில் பிடிபடாது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த இடத்தில் இடறுகிறோம் என்று கூர்ந்து கேட்டால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஆங்கிலேயர் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துக் காற்றாக வெளிவிடும் ஒலியை, தென் அயர்லாந்தில் பலர் நாம் 'த' என்று சொல்வதைப் போலவே நாக்கைப் பல்லில் ஒட்டி உச்சரிக்கிறார்கள். சொல்லின் இறுதியில் வரும் 'ர்' ஒலியையும் லண்டன்காரர்களைப் போல விழுங்காமல், நம்மைப் போல முழுதாகச் சொல்கிறார்கள். தனித்தனி ஒலிகளை எடுத்துக்கொண்டால், லண்டன் மேட்டுக்குடிப் பேச்சைக் காட்டிலும் கார்க் பேச்சு நமக்குச் சில வகைகளில் நெருக்கமானது. நம்மைத் தடுமாறச் செய்வது அதன் வேகமும், வாக்கியம் முழுவதும் ஏறி இறங்கும் ராகமும்தான். ராகம் காதுக்குப் பழகிவிடக்கூடியது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

உச்சரிப்பு உயிர்நிலையாக அமைந்த இன்னொரு படம் தைவானிலிருந்து வந்தது. ஹௌ சியாவ் சியென் இயக்கி, 1989இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் விருது பெற்ற 'எ சிட்டி ஆஃப் சேட்னஸ்' என்ற படம், 1947 பிப்ரவரி இறுதியில் தைவானில் வெடித்த கிளர்ச்சியையும், சீனப் பெருநிலத்திலிருந்து வந்த படைகள் அதை ஒடுக்கி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றதையும் பின்னணியாகக் கொண்டது. 1895 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் இருந்த தீவு அது. தீவுக்காரர்களுக்கு ஹொக்கியன் என்ற தென்சீனப் பேச்சின் வழிவந்த தைவான் பேச்சும் ஜப்பானிய மொழியும் தெரியும். புதிதாக வந்திறங்கிய பெருநிலத்தார்க்கு அவை தெரியா. படத்தின் நாயகன் ஒரு புகைப்படக் கலைஞன். அவனுக்குக் காது கேளாது, பேச்சும் வராது. அந்தப் பாத்திரத்தில் நடித்த டோனி லியுங் ஹாங்காங்கைச் சேர்ந்தவர். அவருக்குத் தைவான் பேச்சு வராது என்பதற்காகவே பாத்திரத்தைப் பேச்சற்றவனாக அமைத்தார்கள். பொய்யான உச்சரிப்பில் ஒரு வரி பேசுவதைவிட ஒன்றுமே பேசாமலிருப்பது மேல் என்று முடிவெடுத்த இயக்குநரின் நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அந்த முடிவிலிருந்தே படத்தின் மிகக் கொடிய காட்சியும் பிறக்கிறது. கலவர நாட்களில் ஓடும் ரயிலில் கையில் ஆயுதங்களோடு ஏறும் தீவுக்காரர்கள், பெருநிலத்து ஆட்களைத் தேடிப் பயணிகளைப் பேச்சால் சோதிக்கிறார்கள். புகைப்படக் கலைஞனிடம் தைவான் பேச்சில் எந்த ஊர் என்று கேட்கிறார்கள். அவன் உதடுகளைப் பார்த்துப் புரிந்துகொண்டு, தொண்டையிலிருந்து பிடுங்கி எடுத்ததைப் போல, தான் தைவான்காரன் என்று சொல்லப் பார்க்கிறான். சிதைந்து வரும் அந்த ஒலி அவர்களுக்கு அயலான் பேச்சாகவே கேட்கிறது. அடுத்து ஜப்பானிய மொழியில் கேட்கிறார்கள். அவனால் விடை சொல்ல முடியவில்லை. ஓங்கிய கை இறங்கும் முன் அவனுடைய நண்பன் ஓடி வந்து தடுக்கிறான். 1983 ஜூலையில் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் வண்டிகளை மறித்த கும்பல்கள், சிங்களச் சொற்களை உச்சரிக்கச் சொல்லித் தமிழரைப் பிரித்தெடுத்ததை நேரில் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ரயில் காட்சியைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. வரலாற்றில் உச்சரிப்பு இத்தகைய வேலைகளைச் செய்திருக்கும்போது, வரலாற்றுப் படத்தில் அதை ஓர் இடைஞ்சல் என்று ஒதுக்குவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இனி, உங்கள் குறையில் எனக்கு முழு உடன்பாடு உள்ள பகுதிக்கு வருகிறேன். வசனம் விளங்காமற்போவதற்கு உச்சரிப்பின் மீது பழி போடப்படும் பல இடங்களில் உண்மையான குற்றவாளி ஒலிப்பதிவு. 2014 ஏப்ரலில் பிபிசி ஒளிபரப்பிய 'ஜமைக்கா இன்' என்ற மூன்று பகுதித் தொடர் 1821ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வால் கடற்கரையில் நடக்கும் கடத்தல் கதை. அதற்கு 2,000க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. புகார் கொடுத்தவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிரிட்டிஷ் மக்களே. கார்ன்வால் உச்சரிப்பும் முணுமுணுப்பும் சேர்ந்து ஒரு வரியும் விளங்கவில்லை என்றார்கள். ஒலி அளவில் ஏற்பட்ட சிக்கல் என்று பிபிசி விளக்கம் கொடுத்தது. சட்டைக்குள் பொருத்தும் சிறு மைக்குகள் வந்த பிறகு, நாடக மேடையில் போலக் குரலை எடுத்துப் பேச வேண்டிய தேவை நடிகர்களுக்கு இல்லாமற்போய்விட்டது. திரையரங்கில் பல ஒலிபெருக்கிகளுக்காகக் கலக்கப்படும் ஒலியில் வசனத்துக்கென்று நடுவில் ஒரு தடம் தனியாக இருக்கும். அதே ஒலி வீட்டுத் தொலைக்காட்சியின் இரண்டு ஒலிபெருக்கிகளுக்குள் அமுக்கப்படும்போது இசையும் காற்றும் குதிரைக் குளம்படியும் வசனத்தின் மேல் ஏறிக்கொள்கின்றன. தட்டையான தொலைக்காட்சிகளில் ஒலிபெருக்கிகள் நம்மை நோக்கி இராமல் பின்புறமோ கீழ்ப்புறமோ பார்த்திருப்பது நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. இந்த இடத்தில் பார்வையாளர் எவ்வளவு உரக்கக் குறை சொன்னாலும் தகும். வட்டார உச்சரிப்பில் பேசும் நடிகரின் சொற்கள் தெளிவாகக் காதில் விழும்படி செய்வது படம் எடுப்பவரின் கடமை. காது மந்தமானவர்களுக்கும் முதியவர்களுக்கும் அது இரட்டிப்புக் கடமை.

இரண்டாவது நியாயமான குறை ஒப்பனை உச்சரிப்பு பற்றியது. குச்சி என்ற இத்தாலிய ஆடம்பரப் பொருள் நிறுவனத்தின் குடும்பத்தைப் பற்றி ரிட்லி ஸ்காட் இயக்கிய 'ஹவுஸ் ஆஃப் குச்சி' 2021இல் வந்தபோது இத்தாலியர்களிடமிருந்தே கடுமையான விமர்சனம் எழுந்தது. இத்தாலியக் குடும்பம் ஒன்று தன் வீட்டுக்குள், தன் சாப்பாட்டு மேசையில், இத்தாலிய வாடை கமழும் ஆங்கிலத்தில் சண்டை போட்டுக்கொள்கிறது. நடிகருக்கு நடிகர் அந்த வாடையின் அளவும் மாறுகிறது. என் சோதனையின்படி இது தேறாது. ஓர் இத்தாலியரின் காதில் இன்னோர் இத்தாலியர் 'இத்தாலிய வாடையோடு' பேசுவதாக எப்படி விழும்? அதைவிட வருத்தம் தருவது, உண்மையிலேயே கேட்டிருக்கக்கூடிய வேறுபாட்டைப் படம் கைவிட்டது. குச்சி நிறுவனம் 1921இல் பிளாரன்ஸ் நகரில் தொடங்கப்பட்டது. பிளாரன்ஸ்காரர்கள் உயிரெழுத்துகளுக்கு நடுவில் வரும் 'க' ஒலியை 'ஹ' போலத் தளர்த்திப் பேசுவது இத்தாலி முழுவதும் பேர்போனது. அந்தக் குடும்பத்தின் பழைய தலைமுறை மிலான் நகரத்தில் வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும். படத்தில் அதற்கு ஒரு சாயலும் இல்லை. அயல்நாட்டான் என்று நமக்குக் காட்டுவதற்காகப் பூசிய வாடைதான் இருக்கிறது.

இதே சிக்கலை எதிர்கொண்டு சரியாகத் தீர்த்தவர்களும் உண்டு. 1986ஆம் ஆண்டு அணு உலை விபத்தைப் பற்றிய 'செர்னோபில்' தொடரை 2019இல் எழுதி உருவாக்கிய கிரெய்க் மேசின், தொடக்கத்தில் நடிகர்களை மெல்லிய கிழக்கு ஐரோப்பிய வாடையில் பேசவைத்துப் பார்த்ததாகவும், அவர்கள் பாத்திரத்தை விட்டுவிட்டு உச்சரிப்பையே நடிக்கத் தொடங்கியதால் அதைக் கைவிட்டதாகவும் விளக்கியிருக்கிறார். எனவே அந்தத் தொடரில் சோவியத் மக்கள் பிரிட்டிஷ் தீவுகளின் பல்வேறு பேச்சுகளில் பேசுகிறார்கள். அமைச்சரை நிமிர்ந்து பார்த்துப் பேசும் சுரங்கத் தொழிலாளர்களின் தலைவராக நடித்த அலெக்ஸ் ஃபெர்ன்ஸ் ஸ்காட்லாந்துக்காரர். அவர்கள் அனைவரும் தம் சொந்த மொழியில் பேசிக்கொள்கிறார்கள், நமக்காக அது ஆங்கிலமாக ஒலிக்கிறது என்ற ஏற்பாட்டை நாம் முதல் பத்து நிமிடங்களில் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். அதன் பிறகு அமைச்சரின் பேச்சுக்கும் சுரங்கத் தொழிலாளியின் பேச்சுக்கும் இடையே உள்ள வேறுபாடு மட்டுமே நம் காதில் மிஞ்சுகிறது. உண்மை வாழ்க்கையிலும் அந்த வேறுபாடுதான் இருந்திருக்கும்.

2017இல் வெளிவந்த 'தி டெத் ஆஃப் ஸ்டாலின்' படத்திலும் இதே முறை. அதில் ஸ்டாலின் கிழக்கு லண்டன்காரரைப் போலவும், அவருக்குப் பின் ஆட்சிக்கு வந்த குருஷேவ் அமெரிக்கரைப் போலவும், தளபதி ஜூகோவ் வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர்க்காரரைப் போலவும் பேசுகிறார்கள். முதலில் தாறுமாறாகத் தோன்றும் இந்தக் கலவை வரலாற்றுக்கு உண்மையாகவே இருக்கிறது. ஸ்டாலின் ஜார்ஜியாவின் கோரி நகரில் பிறந்தவர். ரஷ்ய மொழியைப் பள்ளியில் கற்றுக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் அழுத்தமான ஜார்ஜிய உச்சரிப்போடு பேசியவர். 1941 ஜூலை 3ஆம் தேதி அவர் ஆற்றிய வானொலி உரையில் அதை இன்றும் கேட்கலாம். ஜூகோவ் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. ஒரே அறையில் கூடிய அந்தத் தலைவர்கள் ஒவ்வொருவரின் பேச்சும் மற்றவர் காதில் தனித்துத் தெரிந்திருக்கும்.

ஸ்டாலினின் உச்சரிப்புக்குச் சோவியத் திரைப்படத்திலேயே ஒரு வரலாறு உண்டு. பல படங்களில் ஸ்டாலினாக நடித்த மிக்கெயில் கெலோவானி ஒரு ஜார்ஜியர். அவர் ஜார்ஜிய வாடையோடுதான் வசனம் பேசினார். 1948இல் வந்த 'மூன்றாவது தாக்குதல்' என்ற போர்ப் படத்தில் அந்த வேடத்தில் நடித்த அலெக்ஸேய் தீக்கியோ வாடையே இல்லாத ரஷ்ய மொழியில் பேசினார். வானொலியில் அந்தக் குரலைக் கேட்டுப் பழகிய கோடிக்கணக்கான மக்களுக்கு முன்னால், தலைவரின் உச்சரிப்பு திரையில் துடைக்கப்பட்டது. எல்லோருக்கும் பொதுவான, சுத்தமான பேச்சில் படம் எடுங்கள் என்று கேட்கும் நண்பர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். ஓரத்திலிருந்து வந்தவன் மையத்துக்குரியவனாக மாற்றிக் காட்டப்படுவது இப்படித்தான் நடக்கிறது.

இதற்கு நேர்மாறான உழைப்பை 2004இல் வந்த 'டவுன்ஃபால்' என்ற ஜெர்மன் படத்தில் காணலாம். ஹிட்லராக நடித்த புருனோ கன்ஸ் சுவிட்சர்லாந்துக்காரர். மேடையில் கத்தும் ஹிட்லரின் குரல் எல்லோருக்கும் தெரியும். அறைக்குள் அவர் எப்படிப் பேசினார் என்பதற்குக் கிடைத்திருப்பது, 1942 ஜூனில் பின்லாந்தின் தளபதி மன்னர்ஹைமைச் சந்திக்கச் சென்றபோது அவருக்குத் தெரியாமல் பதிவான பதினொரு நிமிட உரையாடல் மட்டுமே. கன்ஸ் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, தணிந்த குரலையும் ஆஸ்திரிய வாடையையும் பிடித்தார். ஜெர்மானியப் பெருமையைத் தன் அரசியலாக்கிக்கொண்டவர் ஜெர்மனிக்கு வெளியே பிறந்தவர் என்பதை, அந்தப் படத்தைப் பார்க்கும் ஜெர்மானியப் பார்வையாளர் ஒவ்வொரு வாக்கியத்திலும் உணர்கிறார். சப்டைட்டில் படித்துக்கொண்டு பார்க்கும் நமக்கு அது கிடைப்பதில்லை.

இனி, பொதுவான ஆங்கிலம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் பேச்சைப் பற்றி. பிபிசியின் பழைய செய்தி வாசிப்பாளர்கள் பேசிய அந்த ஆங்கிலம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் படித்த விடுதிப் பள்ளிகளில் உருவாகி நிலைபெற்ற உச்சரிப்பு. இங்கிலாந்திலேயே மிகச் சிறுபான்மையினர்தான் அதைப் பேசுகிறார்கள். ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனில் அது கிடையாது. 2004இல் லண்டனின் குளோப் அரங்கில் மொழியியலாளர் டேவிட் கிரிஸ்டலின் உதவியோடு 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தைப் பழைய உச்சரிப்பில் நடத்திக் காட்டியபோது, 'ர்' ஒலிகள் எல்லாம் முழுதாக ஒலிக்கும் அந்தப் பேச்சில் அயர்லாந்தும் இங்கிலாந்தின் மேற்கு மாவட்டங்களும் கேட்டன. ஆனாலும் ஹாலிவுட் நெடுங்காலமாக அந்தப் பள்ளிக்கூட உச்சரிப்பை ஆளும் வர்க்கத்தின் அடையாளமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறது. 1959இல் வந்த 'பென்ஹர்' படத்தில் ரோமானியர்களுக்குப் பிரிட்டிஷ் பேச்சும் யூதர்களுக்கு அமெரிக்கப் பேச்சும் பெரும்பாலும் பகிர்ந்து தரப்பட்டன. அடுத்த ஆண்டில் வந்த 'ஸ்பார்டகஸ்' படத்தில் எஜமானர்களாக லாரன்ஸ் ஆலிவியர், சார்ல்ஸ் லாட்டன் போன்ற பிரிட்டிஷ் நடிகர்களும், கலகம் செய்யும் அடிமைகளாகக் கர்க் டக்ளஸ், டோனி கர்ட்டிஸ் போன்ற அமெரிக்கர்களும் நின்றார்கள். அமெரிக்கா தன் விடுதலைப் போரை ரோமின் மீது ஏற்றிப் பார்த்த ஏற்பாடு அது. அதற்கென்று ஒரு பொருள் இருந்தது. நடுநிலையான பேச்சு என்று மட்டும் அதைச் சொல்ல முடியாது.

உண்மையான ரோமிலோ பேரரசர்களே உச்சரிப்புக்காக நகைக்கப்பட்டிருக்கிறார்கள். ஸ்பெயினில் வேர்கொண்ட குடும்பத்தில் வந்த ஹேட்ரியன், இளம் அதிகாரியாக இருந்தபோது பேரரசர் டிராஜனின் உரையை ரோமானிய அவையில் வாசித்தபோது, அவருடைய நாட்டுப்புற உச்சரிப்பைக் கேட்டு அவையினர் சிரித்தார்கள் என்றும், அதன் பிறகு அவர் விடாமல் இலத்தீன் பயின்று தேர்ந்தார் என்றும் 'ஹிஸ்டோரியா அகஸ்டா' என்ற பழைய தொகுப்பு கூறுகிறது. இன்றைய லிபியாவில் உள்ள லெப்டிஸ் மேக்னாவில் பிறந்து, கி.பி. 193 முதல் 211 வரை ஆண்ட செப்டிமியஸ் செவெரஸின் பேச்சில் முதுமை வரை ஆப்பிரிக்க வாடை போகவில்லை என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. ஒரு படம் ஹேட்ரியனையும் அவரைப் பார்த்துச் சிரித்த செனட்டரையும் ஒரே உச்சரிப்பில் பேசவைத்தால் அந்தச் சிரிப்புக்கே இடமில்லாமற்போகும்.

நெப்போலியன் விஷயத்தில் இத்தகைய ஒரு வாய்ப்பு வீணானது என்பது என் வருத்தம். 1769இல் கோர்சிகா தீவின் அஜாக்சியோவில் பிறந்த அவர், 1779இல் ஓட்டன் நகரப் பள்ளிக்கு வந்த பிறகே பிரெஞ்சு மொழியை முறையாகக் கற்றார். அடுத்துச் சேர்ந்த பிரியேன் இராணுவப் பள்ளியில் அவருடைய உச்சரிப்பைச் சக மாணவர்கள் கேலி செய்தார்கள். ஜோசபின் கரிபியக் கடலின் மார்ட்டினிக் தீவில் பிறந்தவர். ஆக, பிரான்சின் உச்சியில் அமர்ந்த கணவன், மனைவி இருவருமே பாரிஸ் மக்களின் காதில் அயலாராக ஒலித்த தீவுக்காரர்கள். 2023இல் வந்த 'நெப்போலியன்' படத்தில் வாக்கின் ஃபீனிக்ஸ் அமெரிக்கராகவும் வனேசா கர்பி ஆங்கிலேயராகவும் பேசியதைப் பிரெஞ்சு விமர்சகர்கள் குறை சொன்னார்கள். அமெரிக்கப் பேச்சில் எனக்குத் தடை இல்லை. அந்த இருவரும் வாயைத் திறக்கும்போது சுற்றி நிற்பவர்கள் எதையாவது கவனித்தார்கள் என்ற உணர்வைப் படம் தரவில்லை என்பதே என் குறை.

சீனத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லாமல் விட முடியாது. ஆங் லீயின் 'க்ரௌச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' 2000இல் வந்தபோது நாமும் மேற்கத்தியரும் அதன் அழகில் மயங்கினோம். சீனத்தின் பொதுமொழியான மாண்டரின் பேசும் பார்வையாளர்களில் பலரோ உச்சரிப்பைக் கேட்டு முகம் சுளித்தார்கள். சௌ யுன் ஃபாட் ஹாங்காங்கின் கான்டனீஸ் வாடையோடு பேசினார். மலேசியாவின் ஈப்போவில் பிறந்த மிஷெல் யோவுக்கு அப்போது மாண்டரின் வராது, வசனங்களை ஒலிக்குறிப்பாக மனப்பாடம் செய்து பேசினார். சிங் பேரரசின் காலத்தில் நடக்கும் கதைக்கு இருபதாம் நூற்றாண்டு மலேசிய வாடை பொருந்தாது என்ற அவர்களின் குறை நியாயமானது. அதே நேரத்தில், அந்தப் பேரரசில் எல்லோரும் பெய்ஜிங் பேச்சையே பேசினார்கள் என்று எண்ணுவதும் தவறு. பூஜியன், குவாங்டோங் மாகாணங்களிலிருந்து வரும் அதிகாரிகள் தம் முன் பேசுவது விளங்கவில்லை என்று யோங்செங் பேரரசர் 1728இல் ஆணையிட்டு, அந்த மாகாணங்களில் உச்சரிப்புப் பள்ளிகளை ஏற்படுத்தவே செய்தார்.

தமிழ் டப்பிங்கில் இந்தச் செல்வம் முழுவதும் கரைந்துவிடுகிறது. பிரபுவும் குதிரைக்காரனும் ஒரே தமிழில் பேசுகிறார்கள். அல்லது அடியாளுக்கும் கோமாளிக்கும் மட்டும் சென்னைத் தமிழைக் கொடுத்துவிடுகிறார்கள். சென்னை உழைப்பாளியின் பேச்சுக்கு அது இழைக்கும் அநீதி தனியாகப் பேச வேண்டியது. எனவே இயன்றவரை மூல ஒலியிலேயே பாருங்கள் என்று சொல்வேன்.

மூல ஒலியில் பார்க்கும்போது எந்த மொழிச் சப்டைட்டிலை வைத்துக்கொள்வது என்பதற்கு ஓர் ஆய்வு நல்ல வழி காட்டுகிறது. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஹோல்கர் மிட்டரரும் ஜேம்ஸ் மெக்குவீனும் 2009இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆங்கிலம் நன்கு தெரிந்த டச்சு மாணவர்களுக்கு, கடுமையான ஸ்காட்டிஷ் உச்சரிப்பிலும் ஆஸ்திரேலிய உச்சரிப்பிலும் அமைந்த காட்சிகளைச் சுமார் 25 நிமிடங்கள் போட்டுக் காட்டினார்கள். ஆங்கிலச் சப்டைட்டிலோடு பார்த்தவர்கள், பிறகு அதே உச்சரிப்பில் புதிய வாக்கியங்களைச் சப்டைட்டில் இல்லாமல் கேட்டபோது மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். தாய்மொழியான டச்சுச் சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்கோ, புதிய வாக்கியங்களைக் கேட்டபோது அது இடைஞ்சலாகவே ஆனது. கேட்கும் சொல்லே எழுத்திலும் தெரியும்போது காது அந்த ராகத்தைக் கற்றுக்கொள்கிறது. எழுத்தில் வேறு மொழி ஓடும்போது கவனம் அங்கே போய்விடுகிறது.

ஆகவே ஐரிஷ் படமோ ஸ்காட்டிஷ் படமோ பார்க்க உட்காரும்போது, தமிழ்ச் சப்டைட்டில் கிடைத்தாலும் ஆங்கிலத்தையே தேர்ந்தெடுங்கள். காது கேளாதவர்களுக்கென்று தனியாகத் தரப்படும் ஆங்கில எழுத்துகள் இருந்தால் அதுவே மேல். பாத்திரம் ஆங்கிலத்தை விட்டு ஐரிஷுக்கோ ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்குக்கோ மாறும் இடங்களைப் பெரும்பாலும் அது அடைப்புக்குறிக்குள் சொல்லிவிடும். தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் வசனத்தைத் தூக்கிக் காட்டும் வசதி இருந்தால் அதை இயக்கிவையுங்கள். இல்லையென்றால் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். முதல் அரைமணி நேரம் எழுத்தைப் படித்துக்கொண்டே கேளுங்கள். அதற்குப் பிறகும் வசனம் விளங்கவில்லை என்றால் பெரும்பாலும் ஒலிக்கலவைதான் காரணமாக இருக்கும்.